தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்: மதுரை வட்டாரப் புதுப்பயனர்களுக்கான விடைகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத முன்வரும் கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஊர் வரலாறு தேடுவோர் ஆகியோரிடம் பேசும்போதெல்லாம் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளைத் தந்திருக்கிறேன். ஒரு விடையில் சொன்னதை மற்றொன்றில் மீண்டும் சொல்லாமல் எண்ணைச் சுட்டியிருப்பதால், இயன்றவரை வரிசையாகப் படிப்பது நல்லது.

2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இன்றும் ஊதியம் பெறாத தன்னார்வலர்களின் உழைப்பால்தான் வளர்கிறது. இந்த வட்டாரத்தைப் பற்றி அரிய செய்திகளை அறிந்த சிலர், முதல் வாரத்திலேயே மனம் நொந்து விலகிவிடுகிறார்கள். அவர்களை விலகவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. தொகுப்பதற்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? கணக்கு கட்டாயமா?

அனுமதி வேண்டியதில்லை. கணக்கு இல்லாமலும் பெரும்பாலான பக்கங்களைத் தொகுக்கலாம், அதாவது அவற்றில் எழுதலாம், திருத்தலாம். ஆயினும் கணக்கு தொடங்கிக்கொள்ளுமாறு வற்புறுத்திச் சொல்வேன். கணக்கு இருந்தால்தான் உங்களுக்கென நிலையான பேச்சுப் பக்கம் இருக்கும். யாரேனும் உங்கள் தொகுப்பைப் பற்றி ஏதேனும் சொல்ல விரும்பினால் அங்கே வந்து சொல்ல முடியும். புதியவர்களுக்கும் பழைய பயனர்களுக்கும் இடையே எழும் மனவருத்தங்களில் பெரும்பகுதி, எழுதப்பட்ட செய்தி உரியவரைச் சென்று சேராததால் வருவது. இயற்பெயரில்தான் கணக்கு தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

2. விதிப் பக்கங்கள் மலைபோல் கிடக்கின்றன. எல்லாவற்றையும் படித்த பிறகுதான் எழுத வேண்டுமா?

வேண்டாம். ஐந்து தூண்கள் என்ற பக்கத்தை மட்டும் முதலில் படியுங்கள். இது ஒரு கலைக்களஞ்சியம், நடுநிலையோடு எழுதப்படுவது, யாரும் கட்டின்றிப் பயன்படுத்தக்கூடிய உள்ளடக்கம் கொண்டது, பயனர்கள் ஒருவரையொருவர் மதித்து நடக்க வேண்டும், விதிகள் கல்லில் வெட்டியவை அல்ல. இந்த ஐந்தும் மனத்தில் பதிந்தால் மற்ற விதிகள் பெரும்பாலும் இவற்றின் விரிவு என்பது தெரியவரும்.

பிறகு, எழுதிப் பார்ப்பதற்கென்றே உள்ள மணல்தொட்டி என்ற பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். அடுத்து, உங்களுக்குத் தெரிந்த ஊரின் கட்டுரையில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். முதல் நாளே புதுக் கட்டுரை தொடங்குபவரைவிட, இருக்கும் கட்டுரைகளில் சில நாள்கள் சிறு திருத்தங்கள் செய்தவர் விதிகளை விரைவாகக் கற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

3. நான் பிறந்து வளர்ந்த ஊர். அதைப் பற்றி எனக்குத் தெரியாததா? எதற்குச் சான்று கேட்கிறார்கள்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் புண்பட்டிருப்பார். சான்று கேட்பது உங்கள் சொல்லை நம்பாததால் அன்று. கட்டுரையில் உங்கள் பெயர் இருக்காது. மட்டக்களப்பில் இருந்து படிக்கும் வாசகருக்கு, அந்த வரியை எழுதியவர் அந்த ஊரிலேயே அறுபது ஆண்டு வாழ்ந்தவரா, பேருந்தில் அவ்வழியே ஒருமுறை கடந்து போனவரா என்பது தெரியாது. அவர் தாமே சரிபார்த்துக்கொள்ள வழி தருவதற்குத்தான் சான்று.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே முதன்மையானதாகப் படுகிறது. “எங்கள் ஊர்க் கண்மாய் பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது” என்று நீங்கள் சான்றில்லாமல் எழுதுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து ‘பாண்டியர்’ என்பதை ‘நாயக்கர்’ என்று மாற்றிவிட்டுப் போகிறார். அப்போது மூன்றாவதாக வரும் பயனர் எதை வைத்து எது சரி என்று முடிவு செய்வார்? நீங்கள் அந்த வரியின் முடிவில் கல்வெட்டுத் தொகுதியின் பெயரையும் பக்க எண்ணையும் தந்திருந்தால், அந்த மாற்றம் தவறு என்று எவரும் உடனே கண்டுகொள்வார். நீங்கள் விக்கிப்பீடியாவை விட்டுப் போன பிறகும் உங்கள் வரி காக்கப்படும். உங்கள் உழைப்பைக் காப்பது உங்கள் அனுபவமன்று, நீங்கள் தரும் சான்றே.

பாட்டி சொன்ன கதையும், ஊர்ப் பெரியவர் சொன்ன செய்தியும் மதிப்பற்றவை என்பது இதன் பொருளன்று. அவற்றை முதலில் ஓர் இதழிலோ நூலிலோ வெளியிடுங்கள். அதன் பிறகு அந்த வெளியீட்டைச் சான்றாகக் காட்டி மற்றொருவர் எழுதலாம்.

4. அப்படியானால் எதெல்லாம் சான்றாகும்? நாளிதழ்? யூடியூப்? கோயில் சுவரில் உள்ள பலகை?

எழுதியவரும் வெளியிட்டவரும் யாரெனத் தெரிந்து, பிறர் சரிபார்க்கும் நிலையில் வெளியானவை பொதுவாக ஏற்கப்படும். ஊரின் மக்கள்தொகைக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கல்வெட்டுக்கு இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் அல்லது தமிழ்நாடு தொல்லியல் துறையின் வெளியீடுகள். நிகழ்வுகளுக்கு நாளும் பக்கமும் குறித்த நாளிதழ்ச் செய்தி. காணொளியைப் பொறுத்தவரை, அதை வெளியிட்டது யார் என்பதே கேள்வி. வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, எழுதியவர் பெயரில்லாத வலைப்பக்கம், விக்கிப்பீடியாவின் மற்றொரு கட்டுரை ஆகியவை சான்றாகா.

கோயிலில் விற்கும் தல வரலாற்றுச் சிறுநூலை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். “தல வரலாற்றின்படி” என்று சொல்லி அந்த மரபைப் பதிவு செய்ய அது போதும். கோயில் கட்டப்பட்ட நூற்றாண்டை நிறுவ அது போதாது. திருவிளையாடற் புராணம் கூறும் செய்திகளுக்கும் இதுவே வழி: புராணம் கூறுகிறது என்று எழுதினால் அது சரியான தகவல், நடந்தது என்று எழுதினால் நீக்கப்படும்.

சான்று இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அச்சு நூல் முழுமையாக ஏற்கப்படும். ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைத் தந்தால் போதும். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வாய்ப்பு இருக்கிறது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கமும், காமராசர் பல்கலைக்கழக நூலகமும், 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. இணையத்தில் கிடைக்காத நூலிலிருந்து பக்க எண்ணோடு தரும் ஒரு வரி, இணையத்தில் எல்லாரும் பார்த்துவிட்ட பத்து வரிகளைவிட மேலானது.

5. நான் எழுதியதை ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். நான் என்ன தவறு செய்தேன்?

முதலில், அழியவில்லை. கட்டுரையின் மேலே ‘வரலாறு’ என்று ஓர் இணைப்பு இருக்கும். புதியவர்களில் மிகச் சிலரே அதைத் திறந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் நேரம், பயனர் பெயர், கூடிய அல்லது குறைந்த அளவு, மாற்றத்தின் காரணத்தைச் சொல்லும் தொகுத்தல் சுருக்கம் ஆகியவற்றோடு அங்கே வரிவரியாக இருக்கும். உங்கள் வரிக்கு மேலே உள்ள வரியில் “சான்றில்லை” என்றோ “விளம்பர நடை” என்றோ இரண்டு சொற்கள் இருந்தால், உங்கள் கேள்விக்கான விடை அதுதான். உங்கள் பழைய பதிப்பும் அங்கேயே கிடைக்கும். எடுத்துத் திருத்தி மீண்டும் சேர்க்கலாம்.

பெரும்பாலும் காரணம் நடையாகவே இருக்கும். “அன்னை மிகவும் சக்தி வாய்ந்தவள், வேண்டுவோர்க்கு வேண்டும் வரம் அருள்பவள், பக்தர்கள் அனைவரும் வந்து அருள்பெற வேண்டுகிறோம்” என்பது திருவிழா அழைப்பிதழுக்கு உரிய நடை. கலைக்களஞ்சியத்தில் இதே செய்தி, “இக்கோயிலில் ஆண்டுதோறும் மாசி மாதம் திருவிழா நடைபெறுகிறது” என்று தொடங்கி, எத்தனை நாள், எந்த ஊர்கள் சேர்ந்து நடத்துகின்றன, எந்த நாளிதழில் செய்தி வந்தது என்று செல்ல வேண்டும். பக்தி உங்களிடம் இருக்கட்டும். கட்டுரையில் தகவல் இருக்கட்டும்.

நீக்கியவரே தவறியிருக்கவும் கூடும். அண்மைய மாற்றங்களைக் கண்காணிப்போர் எண்ணிக்கையில் குறைவு; அவர்கள் விசமத் தொகுப்புகளுக்கு நடுவே வேகமாகச் செயல்படுகிறார்கள். நல்ல தொகுப்பும் சில நேரம் அதில் அடிபடும். அப்படித் தோன்றினால் காரணம் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதை ஏழாம் விடையில் சொல்கிறேன்.

6. நானும் மறுபடி சேர்த்தேன், அவரும் மறுபடி நீக்கினார். இப்போது யார் நிறுத்த வேண்டும்?

நீங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் நீங்களே நிறுத்துங்கள். இதைத் தொகுத்தல் போர் என்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில், ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் தொகுப்பை மீளமைப்பவர் (பழைய வடிவுக்குத் திருப்புபவர்) தடை செய்யப்படலாம் என்று வெளிப்படையான வரம்பே உண்டு. எண்ணிக்கை எதுவாயினும், உள்ளடக்கத்தில் சரியாக இருந்தவரும் நடத்தைக்காகத் தடை பெறலாம் என்பதைப் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

துணிந்து மாற்றுங்கள், மற்றவர் மீளமைத்தால் உரையாடுங்கள். இந்த வரிசையில் மீளமைப்புக்குப் பிறகு வருவது உரையாடல், இன்னொரு மீளமைப்பு அன்று. கட்டுரை இரண்டு நாள் தவறான வடிவில் இருப்பதால் பெருங்கேடு எதுவும் வந்துவிடாது. இதற்கு முதன்மையான விதிவிலக்கு, வாழும் ஒருவரைப் பற்றிய சான்றில்லாத அவதூறு. அதை உடனே நீக்கிவிட்டு நிர்வாகிகளுக்குத் தெரிவியுங்கள்.

7. பேச்சுப் பக்கத்தில் எப்படிப் பேச வேண்டும்? எதிரில் இருப்பவர் யாரென்றே தெரியவில்லையே?

வணக்கம் சொல்லித் தொடங்கி, எந்தக் கட்டுரை, எந்த வரி என்பதைக் குறித்து, “இதற்கு இன்ன நூலில் இன்ன பக்கத்தில் சான்று உள்ளது, சேர்க்கலாமா?” என்று கேளுங்கள். முடிவில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாகப் பதிவாகும். கையொப்பமில்லாத செய்தி யாருடையது என்று தேட வைப்பது மரியாதையன்று.

எதிரில் இருப்பவர் பேராசிரியராகவும் இருக்கலாம், பதினைந்து வயது மாணவராகவும் இருக்கலாம். ஆகவே எல்லாரையும் ‘நீங்கள்’ என்றே அழையுங்கள். வயதையும் பதவியையும் வாதத்தில் இழுக்காதீர்கள். “நான் முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன்” என்பது மதிப்புக்குரிய செய்தி. ஆனால் ஒரு வரி சரி என்பதற்கு அது சான்றாகாது.

8. நிர்வாகிதான் எது சரி என்று முடிவு செய்பவரா?

இல்லை. நிர்வாகிக்குப் பக்கங்களை நீக்கவும், காக்கவும், விசமம் செய்வோரைத் தடுக்கவும் கூடுதல் கருவிகள் உண்டு. அவரைச் சமூகமே தேர்ந்தெடுக்கிறது. உள்ளடக்கத்தைப் பற்றிய உரையாடலில் அவருடைய சொல்லுக்கும் உங்கள் சொல்லுக்கும் ஒரே எடைதான். எடையைக் கூட்டுவது சான்று மட்டுமே.

9. எங்கள் ஊர்ப் பாறையில் உள்ள கல்வெட்டை நானே படித்தேன். அதை எழுதினால் ‘சொந்த ஆய்வு’ என்கிறார்கள். ஆய்வு செய்வது குற்றமா?

குற்றமன்று; இடம்தான் வேறு. யானைமலை, சமணர் மலை, மாங்குளம், அரிட்டாபட்டி என்று கல்வெட்டும் குகையும் நிறைந்த இந்த வட்டாரத்தில் இக்கேள்வி எழுவது இயல்பு. கேட்பவரின் ஆர்வத்தை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் உங்கள் வாசிப்பைச் சோதிக்கத்தக்க கல்வெட்டறிஞர் குழு எதுவும் விக்கிப்பீடியாவில் இல்லை. ‘ன’ என்று நீங்கள் படித்த எழுத்து ‘ந’ என்று மற்றொருவருக்குத் தெரிந்தால், தீர்ப்புச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

தொல்லியல் துறைக்குத் தெரிவித்து, ஆய்விதழில் வெளியான பிறகு அதைக் காட்டுங்கள். அதுவரை செய்யக்கூடிய பெரும்பணி ஒன்று உண்டு: அந்தப் பாறையையும் எழுத்துகளையும் தெளிவாகப் படமெடுத்து, விக்கித் திட்டங்களின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றுங்கள். கல் குவாரிகளால் எத்தனையோ குன்றுகள் மறைந்துகொண்டிருக்கும் பகுதியில், ஒரு நல்ல படம் நாளைய ஆய்வாளருக்குப் பெருந்துணையாகும்.

10. கீழடியைப் பற்றிப் பெருமையாக எழுதினால் ‘நடுநிலை இல்லை’ என்று குறைக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலேயே தமிழர் பெருமையை எழுதக் கூடாதா?

எழுதலாம், அளந்து எழுத வேண்டும். “கீழடி உலகின் முதல் நாகரிகம்” என்ற வரியைச் சான்றோடு நிறுவ எவராலும் இயலாது. அதனால் அது நிற்காது. அதற்கு மாறாக, “தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது” என்று எழுதுங்கள். யார் சொன்னார், எப்போது, எதை வைத்து என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை அங்கே 2014–15-இல் அகழாய்வைத் தொடங்கியதையும், நான்காம் கட்டம் முதல் மாநிலத் துறை நடத்தியதையும் பிரித்துக் காட்டுங்கள். காலக் கணிப்பை ஏற்காத அறிஞர் கருத்து வெளியாகியிருந்தால் அதையும் அவர் பெயரோடு சேருங்கள்.

அடைமொழிகள் குறைந்தால் பெருமை குறையும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஐயத்தோடு வரும் வாசகர் முதல் மிகைச் சொல்லைக் கண்டதும் கட்டுரை முழுவதையும் நம்பாமல் விட்டுவிடுகிறார். அளவோடு எழுதிய கட்டுரையைத்தான் அவர் கடைசி வரி வரை படிக்கிறார்.

11. எங்கள் சமுதாயத்தின் வரலாற்றைத் திரித்து எழுதியிருக்கிறார்கள். நாங்கள் மாற்றினால் விசமம் என்று தடுக்கிறார்கள். இது என்ன நியாயம்?

சாதி, குலத் தோற்றம், இன்ன அரசர் இன்ன சமூகத்தவர் என்னும் உரிமைக்கோரல் ஆகியவை மிகுந்த சச்சரவுக்கு உள்ளாகும் பக்கங்கள். பல தரப்பினரும் கூட்டமாக வந்து மாற்றுவதால், புதுப்பயனர் தொகுக்க முடியாதபடி அவை பூட்டப்படுவதும் உண்டு. நீங்கள் நேர்மையாக வந்திருந்தாலும், உங்களுக்கு முன்னால் வந்தவர்களின் செயலால் ஐயத்தோடு பார்க்கப்படுவீர்கள். இது வருந்தத்தக்கது, ஆனால் உண்மை.

கட்டுரையைத் தொடாமல், அதன் உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள். தவறான வரியை அப்படியே எடுத்துக் காட்டி, அதன் சான்று உண்மையில் என்ன சொல்கிறது என்பதைக் குறிப்பிட்டு, மாற்று வரியையும் சான்றையும் தாருங்கள். சங்க வெளியீடுகளும் சாதி மாநாட்டு மலர்களும் ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. நண்பர்களை அழைத்து ஆதரவாக எழுதச் சொல்லாதீர்கள். அங்கே தலைகள் எண்ணப்படுவதில்லை. ஒருவரே பல கணக்குகளில் வந்து பேசுவது கைப்பாவைக் கணக்கு எனப்படும். கண்டறியப்பட்டால் எல்லாக் கணக்குகளும் தடை செய்யப்படும்.

ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் வரி சான்றில்லாமல் இருந்தால் அதை நீக்கக் கோருவது முழு நியாயம். அதைத் தயங்காமல் நிர்வாகியிடம் எடுத்துச் செல்லுங்கள்.

12. என் தாத்தாவைப் பற்றி, எங்கள் கல்லூரியைப் பற்றி, எங்கள் கடையைப் பற்றி நான் எழுதலாமா?

தவிர்ப்பதே நல்லது. முதல் தடை குறிப்பிடத்தக்கமை: அவருக்கோ நிறுவனத்துக்கோ தொடர்பில்லாதவர்கள் நம்பகமான வெளியீடுகளில் விரிவாக எழுதியிருக்க வேண்டும். நல்ல மனிதர், ஊருக்கு உழைத்தவர் என்பது மட்டும் போதாது. இரண்டாவது, நெருங்கியவரால் நடுநிலையோடு எழுத இயலாது என்பது.

ஊதியம் பெற்று எழுதுவதானால் அதை வெளிப்படையாக அறிவித்தே ஆக வேண்டும். 2014 முதல் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளிலேயே இது உள்ளது. கல்லூரிப் பணியின் பகுதியாகத் தம் கல்லூரிக் கட்டுரையை எழுதும் அலுவலருக்கும் இது பொருந்தும். சான்றுகள் இருந்தால் உரையாடல் பக்கத்தில் வைத்து, தொடர்பில்லாத பயனரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

13. நாளிதழிலிருந்தோ நூலிலிருந்தோ அப்படியே எடுத்துப் போட்டுச் சான்றும் கொடுத்தால் சரிதானே? ஆங்கிலக் கட்டுரையை இயந்திரம் வைத்து மொழிபெயர்க்கலாமா?

முதலாவது சரியன்று. சான்று கொடுத்தாலும் நகல் நகலே. தகவலை எடுத்துக்கொண்டு வாக்கியங்களை நீங்களே அமைக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி நூலின் காப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை முழுமையாக ஏற்ற விரும்புவோர், நூல்களைத் தொகுத்து வைக்கும் உடன்பிறப்புத் திட்டமான விக்கிமூலத்துக்குச் செல்லலாம்.

பிற மொழி விக்கிப்பீடியாவிலிருந்து மொழிபெயர்க்கத் தடையில்லை; எந்தக் கட்டுரையிலிருந்து என்பதைத் தொகுத்தல் சுருக்கத்தில் குறிப்பிட்டால் போதும். இயந்திரம் தந்ததைப் படித்துப் பாராமல் ஏற்றுவதுதான் சிக்கல். 2010-ஆம் ஆண்டையொட்டி கூகுளின் மொழிபெயர்ப்புத் திட்டத்தின் வழியே பல கட்டுரைகள் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்ந்தபோதே, அவற்றின் நடையையும் தரத்தையும் பற்றிச் சமூகம் விரிவாக விவாதித்தது. இன்றைய கருவிகள் மேம்பட்டிருந்தாலும், வாய்விட்டுப் படிக்கும்போது தடுக்கும் வாக்கியத்தை அப்படியே விடாதீர்கள்.

14. எந்தப் படத்தை ஏற்றலாம்?

நீங்களே எடுத்ததை. கூகுளில் கிடைத்தது, நண்பர் அனுப்பியது, நாளிதழில் வந்தது எதுவும் வேண்டாம். திருமலை நாயக்கர் மகால் போன்ற கட்டடங்களையும், பொது இடத்தில் நிலையாக நிறுவப்பட்ட சிலைகளையும் படமெடுத்து வெளியிட இந்தியக் காப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. சுவரொட்டிக்கும் பிளெக்ஸ் பதாகைக்கும் அது பொருந்தாது. ஊர்வலப் படத்தில் பதாகை பெரிதாகத் தெரிந்தால் வேறு கோணத்தில் எடுங்கள். கோயில்களில் அந்தந்தக் கோயிலின் கட்டுப்பாட்டை மதியுங்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கைப்பேசிக்கே அனுமதியில்லை.

15. வகுப்பில் நாற்பது மாணவர்கள். எல்லாருக்கும் சேர்த்துக் கல்லூரிப் பெயரில் ஒரே கணக்கு வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு கணக்கு ஒருவருக்கே உரியது. யார் எழுதினார் என்பது தெரியாவிட்டால் யாரிடம் பேசுவது? தனித்தனிக் கணக்கு தொடங்கும்போது மற்றொரு தடை வரும்: ஒரே இணைய இணைப்பு முகவரியிலிருந்து (IP) ஒரு நாளில் ஆறு கணக்குகள் மட்டுமே தொடங்க முடியும். கணினி ஆய்வகத்தில் ஏழாவது மாணவர் தடுக்கப்படுவது இதனால்தான். முந்தைய நாளே வீட்டிலிருந்து தொடங்கி வரச் சொல்லுங்கள். இல்லையெனில் முன்கூட்டியே நிர்வாகிகளிடம் சொல்லி உதவி கோருங்கள்.

மதிப்பெண்ணுக்காக எண்ணிக்கை நிர்ணயிப்பதை ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ஆளுக்குப் பத்துக் கட்டுரை என்று சொன்னால் நகலும் இயந்திரப் பெயர்ப்புமே வரும். அவற்றைத் துடைக்கும் வேலை சில தன்னார்வலர் தலையில் விழும். ஆளுக்கொரு கட்டுரையில் மூன்று சான்றுகள் சேர்க்கச் சொன்னால் மாணவரும் கற்பார், கட்டுரையும் உயரும்.

16. டொராண்டோ என்ற ஊர்ப்பெயர் இலங்கை எழுத்துக்கூட்டலில் ‘ரொறன்ரோ’ என்று இருக்கிறது. நம் வழக்குக்கு மாற்றலாமா?

வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியா தமிழ்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. தொடக்கம் முதல் ஈழத்து எழுத்தாளர்களும் அதை வளர்த்து வருகிறார்கள். கட்டுரை எந்த வழக்கில் தொடங்கப்பட்டதோ அதில் விடுங்கள்; நம் வழக்கில் தேடுவோருக்காக ஒரு வழிமாற்றுப் பக்கம் உருவாக்கினால் போதும். கிரந்த எழுத்து பற்றிய விவாதத்திலும் முதல் மாதத்திலேயே இறங்காதீர்கள். பல ஆண்டுகளாக நடந்த உரையாடல்கள் ஆவணங்களில் உள்ளன, அவற்றை முதலில் படியுங்கள்.

17. ஒரு விதியே தவறு என்று தோன்றினால்? பழைய பயனர் விதியை மீறினால் யாரிடம் சொல்வது?

இரண்டுக்கும் இடம் உண்டு. பழையவர் மீறினால் முதலில் அவருடைய பேச்சுப் பக்கத்தில், ஏழாம் விடையில் சொன்ன முறையில் கேளுங்கள். தீராவிட்டால் உதவி கேட்பதற்கான ஒத்தாசைப் பக்கத்திலோ, பயனர்கள் பொதுவாக உரையாடும் ஆலமரத்தடி என்ற பக்கத்திலோ, அவர் செய்த மாற்றத்தின் இணைப்போடு எழுதுங்கள். எத்தனை ஆயிரம் தொகுப்புகள் செய்தவராயினும் புதியவரை இழிவாகப் பேச உரிமையில்லை. விக்கிமீடியா திட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான நடத்தை நெறிகளும் இதையே சொல்கின்றன.

விதியை மாற்றக் கோருவதாயின் ஆலமரத்தடியில் முன்மொழியுங்கள். அந்த விதியால் கெட்டுப்போன கட்டுரைகள் இரண்டு மூன்றைக் காட்டுங்கள். மாற்று வரைவை முழுமையாக எழுதித் தாருங்கள். பிறர் பதிலளிக்கச் சில வாரம் காத்திருங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் தீவிரமாக எழுதுவோர் அதிகமில்லாததால் பதில் மெதுவாகவே வரும். மௌனத்தை மறுப்பாகக் கொள்ளாமல், ஒரு வாரம் கழித்து அதே இழையில் மீண்டும் நினைவூட்டுங்கள்.